அண்ணா ரோபோ வாங்கி அனுப்பலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் காணியில் இரண்டு ஏக்கரில் இன்னும் மிதிவெடிப் பலகை நிற்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா, மிதிவெடி எடுக்கும் ரோபோ ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்கிறார். பயன்படுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் இராணுவப் பிரிவும் தவிர வேறு யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அது ஒரு புறம். மற்றது, உங்கள் மண்.

வீடியோவில் பார்க்கும் ‘ரோபோ’ பெரும்பாலும் ரிமோட்டில் ஓடும் கவச வண்டிதான். ஸ்லோவாக்கியாவின் பொசேனா, குரோசியாவின் எம்.வி.4 எல்லாம் இந்த வகை. முன்னால் சுழலும் உருளையில் தொங்கும் சங்கிலிகள் நிலத்தை அடித்துக்கொண்டே போகும். பற்றை மண்டிய சமதரைக்கு அது கெட்டிக்கார வேலையாள். மண் அணை, தூர்ந்த பங்கர், பாலை மர வேர் என்று வந்தால் சங்கிலி எட்டாது. அடிபட்ட வெடி வெடிக்காமல் உடைந்து அப்பால் தெறிப்பதும் உண்டு. அதனால் இயந்திரம் போன தடத்தில் மனிதர் திரும்பவும் போயே ஆக வேண்டும்.

உலோகத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் போதாதா என்று கேட்பீர்கள். இங்கே அதிகம் கிடைக்கும் பி4 என்ற மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பி. அதில் உலோகம் மிகச் சொற்பம். சுற்றிலுமோ எறிகணைச் சிதறல்கள். டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் கத்தும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வன்னியில் ரேக் முறை வேரூன்றியது இதனால்தான். நீண்ட பிடி போட்ட ரேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தன் பக்கம் இழுப்பார்கள். வெடியின் பக்கவாட்டுத்தான் முதலில் கண்ணில் படும். மேலே இருக்கும் அழுத்துதட்டில் ரேக் படாது. வெயிலில், முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, நாள் முழுக்க இதே வேலை. இதைச் செய்பவர்களில் பெண்களும் நிறையப் பேர்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று. ஜெனோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் எமானுவேலா செப்போலினா வன்னிக்கு வந்து இந்தப் பணியாளர்களிடமே யோசனை கேட்டார். கடைசியில் அவர் இயந்திரத்துக்கு அடித்தளமாக எடுத்தது நம் வயலில் ஓடும் இரு சக்கர உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டர்! பற்றை வெட்டுவது, மண்ணைக் கிளறுவது போன்ற வேலைகளுக்கு. பழுதானால் உள்ளூரிலேயே திருத்தலாம். அண்ணாவின் ரோபோவுக்கு அந்த வசதி இருக்குமா?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: கிராம சேவையாளர் மூலமோ நேரடியாகவோ கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் காணியின் நிலையை விசாரியுங்கள். பலகைக்கு உள்ளே கால் வைக்க வேண்டாம், பற்றைக்குத் தீ வைக்கவும் வேண்டாம், சூட்டில் வெடிக்கும். பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) பிடித்துத் துப்புரவாக்குகிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். நிலத்தைக் கையளிக்கும்போது, எத்தனை சென்றிமீற்றர் ஆழம் வரை பார்த்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கிணறும் அத்திவாரமும் அந்த ஆழத்துக்குக் கீழே போகும். வெட்டுமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.