நிறம் மங்கிய ஜெர்மன் வருவாய் வில்லைக்கு 80 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: டோர்ட்முண்டில் வசிக்கிறேன். பழம்பொருள் சந்தையில் ஒருவர் பழைய ஜெர்மன் வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒன்றைக் காட்டினார். சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கலான நிறம். நடுவில் ஒரு கழுகும் அதன் தலைக்கு மேல் கிரீடமும் தெரிகின்றன. 50 என்ற எண்ணும், பழைய ஜெர்மன் எழுத்தில் ‘ஸ்டெம்பெல்’ என்ற சொல்லும் தவிர வேறெதையும் படிக்க முடியவில்லை. பேனாவால் எழுதிய தடமும் இருக்கிறது. மிக்கேல் அட்டவணையிலேயே இல்லாத நிறப்பிழை என்று சொல்லி 80 யூரோ கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் 80 யூரோ கேட்பது நிறத்துக்காக. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களிலோ நம்பத்தகாதது அந்த நிறம் ஒன்றுதான். வெயில் பட்டால் பச்சையில் உள்ள மஞ்சள் சாயம் முதலில் வெளிறி வில்லை நீலமாகத் தெரியும். ஈயம் கலந்த ஆரஞ்சு மை காற்றிலுள்ள கந்தகத்தால் பழுப்பாகிவிடும். பேனா எழுத்தை அழித்துப் பயன்படுத்தாத வில்லையாக விற்பதற்காக ரசாயனத்தில் கழுவும் பழக்கமும் உண்டு. அந்தக் கழுவலில் அச்சு நிறமும் சேர்ந்து போகும். இவை எவையும் அச்சுப்பிழை ஆகமாட்டா. சேதம் என்றே கணக்கில் வரும். மிக்கேல் அட்டவணையைச் சான்றுக்கு இழுப்பதும் பொருந்தாது. அது அஞ்சல்தலைகளுக்கானது, வருவாய் வில்லைகளை வரிசைப்படுத்துவது அதன் வேலையன்று. அந்த வேலையைச் செய்தவற்றில் 1915-இல் பிரான்சில் வெளிவந்த ஃபோர்பன் அட்டவணை இன்னமும் பயன்படுகிறது. அதிலுள்ள விலைகள் காலாவதியாகிவிட்டாலும், எந்த நாடு எந்த மதிப்பில் வில்லை வெளியிட்டது என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

மங்கினாலும் மாறாத அடையாளங்கள் சில இருக்கின்றன. முதலில் கழுகின் நகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். செங்கோலும் உருண்டையும் பிடித்திருந்தால் அது பிரஷ்ய அரசின் கழுகு. நகங்கள் வெறுமையாக இருந்து, கிரீடம் தலையைத் தொடாமல் நாடாக்களுடன் மேலே மிதந்தால் அது 1871-இல் உருவான ஜெர்மன் பேரரசின் கழுகு. 1919-க்குப் பின் வந்த குடியரசுக் கழுகுக்குக் கிரீடமே கிடையாது. ஆகவே உங்கள் வில்லை முடியாட்சிக் காலத்தைச் சேர்ந்தது என்பது வரை இப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்து, 50 என்ற எண்ணின் அருகில் எந்த நாணயத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மார்க் நாணயம் 1876 சனவரி 1 முதல் பேரரசு முழுவதும் கட்டாயமாயிற்று. அதற்கு முன் வடக்கில் தாலரும் குரோஷனும், தெற்கில் குல்டனும் குரொய்ட்சரும், ஹாம்பர்க்கில் மார்க்கோடு ஷில்லிங்கும் புழங்கின. எனவே 50 ஃபெனிக் என்று இருந்தால் 1870-களின் நடுப்பகுதிக்கு முன்னே போக வழியில்லை. வில்லையில் நாள் எழுதுவதற்கு இடம் விடப்பட்டு, ஆண்டின் முதல் இரண்டு எண்கள் 18 என அச்சாகியிருந்தால் நூற்றாண்டு முடிவதற்குள் அச்சிட்டது என்றும் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் பொருந்திவந்தால் அது பெரும்பாலும் மாற்றுச்சீட்டு (குறித்த தொகையைத் தரும்படி வணிகர்கள் எழுதும் ஆவணம்) வரிக்கான வில்லையாகவே இருக்கும். வடஜெர்மன் கூட்டமைப்பு 1869-இல் சட்டமியற்றி 1870 முதல் வசூலித்த அந்த வரியைப் பின்னர் பேரரசு எடுத்துக்கொண்டது. 1879-க்குப் பிறகு 200 மார்க் வரை 10 ஃபெனிக், அதற்கு மேல் ஒவ்வொரு 200 மார்க்குக்கும் மேலும் 10 ஃபெனிக், 1,000 மார்க்குக்கு 50 ஃபெனிக் என்று விகிதம் இருந்தது. வணிகர்கள் அன்றாடம் ஒட்டிய வில்லை அது. அதே வில்லையை மறுமுறை பயன்படுத்தாதிருக்க அதன் மேலேயே தேதியை எழுத வேண்டியிருந்தது. ஆகவே அதில் பேனா எழுத்து இருப்பது குறையாகாது, இருக்க வேண்டிய அடையாளம்தான்; அது ‘தடமாக’ மட்டும் எஞ்சியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கள்ள நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் அழித்த எழுத்து பெரும்பாலும் இருண்ட கோடுகளாக எழும்பி வரும்.

கழுகு இல்லாமல் வேறு சின்னம் தென்பட்டால் அது தனி அரசொன்றின் வில்லை: மூன்று கோபுரக் கோட்டை ஹாம்பர்க்கையும், சாவி பிரெமனையும், மான்கொம்பு வுர்ட்டம்பர்க்கையும் குறிக்கும்.

படிக்க முடியாத எழுத்துகளுக்கு ஸ்கேனர் போதும். அதிக நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அலைவரிசைகளையும் தனித்தனியே கறுப்பு-வெள்ளையாகப் பார்த்தால் ஏதேனும் ஒன்றில் எழுத்து தெளிவாகும். பழைய ஜெர்மன் எழுத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து ‘எஃப்’ போலத் தோன்றும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாளிலிருந்து பிரிப்பதற்காகத் தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மோசடியைத் தடுக்க நீரில் கரையும் மையிலும் வருவாய் வில்லைகளை அச்சிடுவதுண்டு.

விலைக்கு வருவோம். சாதாரண மதிப்புள்ள பேரரசுக் கால வில்லை, நல்ல நிலையில் இருந்தாலுமே, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடியது. நிறம் போனதற்கு 80 யூரோ என்பது கேட்கக்கூடாத விலை. அதே வில்லை முழு மாற்றுச்சீட்டின் மீது ஒட்டிய நிலையில், யார் யாருக்கு எழுதினார், எந்த ஊரில் பணம் தரவேண்டும் என்பவை படிக்கும்படி இருந்தால் பேசிப் பார்க்கலாம். அப்போதும் நான் அந்தத் தொகையில் தொடங்கமாட்டேன். சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் ‘கண்டபடி வாங்கியது’ என்ற நிபந்தனையைச் சொல்லிவிடுவார்கள். பிறகு திருப்பித் தருவது கடினம். வணிகரிடம் இணையவழி வாங்கினால் 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் இணையத்திலும் தனிநபர் விற்பனைக்கு அந்த உரிமை கிடையாது என்பதால், விற்பவர் எந்த வகையினர் என்று பார்த்துவிட்டே பணம் செலுத்துங்கள்.

கேள்வி: ‘நோட்ஒப்ஃபர் பெர்லின்’ என்று அச்சிட்ட 2 ஃபெனிக் நீல வரி வில்லையை, அதுவும் சிறியது, அரிய வருவாய் வில்லை என்று 15 யூரோவுக்கு விற்கிறார்கள். சரியான விலையா?

பதில்: இல்லை. பெர்லின் முற்றுகைக் காலத்தில், 1948 டிசம்பர் 1 முதல், மேற்கு ஜெர்மனியில் அஞ்சல் கட்டணத்துக்கு மேலாகக் கடிதங்களில் கட்டாயமாக ஒட்டவைத்த உதவி வரி வில்லை அது. 1956 மார்ச் 31 வரை நீடித்தது. அத்தனை ஆண்டுகள் அத்தனை கடிதங்களில் ஒட்டியதால் பழைய உறைகளைக் கிளறினால் கைநிறைய வரும். ஓரத்தில் துளையிட்டது, துளையிடாதது, நீர்க்குறி வேறுபட்டது என்று வகைகள் இருக்கின்றன. அவற்றில் சில சற்றுக் கூடுதல் விலை பெறும் என்பது உண்மை. விற்பவர் எந்த வகை என்று குறிப்பிட்டு, பின்புறப் படத்தையும் அனுப்பினால் மட்டும் மேலே பேசுங்கள்.