கேலரி கட்டினால் பந்தயம் தங்கிவிடுமா?

கேள்வி: யமுனா விரைவுச்சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். புத்தா சர்வதேசப் பந்தயத் தடத்தில் கூடுதல் கேலரியும் ஹோட்டலும் கட்டினால் உலகப் பந்தயம் திரும்பி வரும், வந்தால் நிலைக்கும், வீட்டு விலையும் ஏறும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இரைச்சலும் நெரிசலும்தான் மிஞ்சும் என்கிறார்கள் மற்றவர்கள். பொது விசாரணை வைத்தால் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
- ஒரு வாசகர், கிரேட்டர் நொய்டா

பதில்: பொது விசாரணை வரும் என்று காத்திருக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்கும் அளித்திருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே கேலரி எழுப்பினால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

புதிதாக நிலம் கையகப்படுத்தினால் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடும் அதற்கான பொது விசாரணையும் நடந்தாக வேண்டும். அரசு-தனியார் கூட்டுத் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதமும், தனியார் நிறுவனத்துக்கு என்றால் 80 சதவீதமும் ஒப்புதல் தர வேண்டும். அந்தச் சட்டம் பிறந்ததில் உங்கள் பகுதியின் பட்டா பர்சௌல் கிராமங்களில் 2011இல் விவசாயிகள் நடத்திய போராட்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் விவசாயிகளிடம் நேரடியாகப் பேசி நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதைக் கவனியுங்கள்.

இனி கேலரி. 2011இல் இங்கே நடந்த முதல் ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்குச் சுமார் 95,000 பேர் வந்தார்கள். 2013இல் கூட்டம் சுமார் 60,000 ஆகச் சுருங்கியது. இருந்த இருக்கையே நிரம்பவில்லை. பந்தயம் போனது வரித் தகராறால். உத்தரப் பிரதேச அரசு அதை விளையாட்டாகக் கருதாமல் கேளிக்கையாகக் கருதி வரி கேட்டது. பந்தய உரிமை நிறுவனம் இந்தியாவில் வருமான வரி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபி பைக் பந்தயம் இதே தடத்தில் நடந்தது. அடுத்த ஆண்டே அதுவும் நின்றுபோனது.

பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் இதற்கு நல்ல பாடம். பந்தயம் கைநழுவும் நிலை வந்தபோது 2009 இறுதியில் 17 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, 2011இல் பந்தய அணிகள் கார்களைப் பராமரிக்கும் பெரிய பிட் கட்டடத்தைத் திறந்தார்கள். ஒப்பந்தக் கட்டணமோ ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியது. 2010இல் 1.15 கோடி பவுண்டாக இருந்தது 2017இல் 1.62 கோடியானது. தாங்க முடியாமல் அந்த ஆண்டே விலகல் விதியைப் பயன்படுத்தினார்கள். கட்டடம் புத்தம் புதிதாக நின்றது. பிறகு 2019இல் வேறு நிபந்தனைகளில் புது ஒப்பந்தம் போட்டுத்தான் பந்தயத்தைத் தக்கவைத்தார்கள்.

ஆகவே உங்கள் சங்கம் கேலரியின் உயரத்தைப் பற்றிச் சண்டை போடுவது வீண். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், நடுவில் யார் விலகலாம், நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். செலவுக் கணக்கையும் இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தடுப்புச் சுவர், மருத்துவ மையம் போன்றவை இல்லாமல் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு உரிமம் தராது. அதற்குச் செலவிடுவது நியாயம். ஹோட்டலும் வணிக வளாகமும் மனை வியாபாரம். பந்தயத்தின் பெயரில் அதற்குச் சலுகை கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலம் யாருடையது என்பதும் சாதாரணக் கேள்வியல்ல. தடம் அமைந்த சுமார் 1,000 ஹெக்டேர் ஒதுக்கீட்டை யமுனா விரைவுச்சாலை ஆணையம் 2020இல் ரத்து செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வீட்டு விலையைப் பொறுத்தவரை, மூன்று நாள் பந்தயத்தைவிட அருகிலுள்ள ஜேவர் விமான நிலையத்தையே நம்பலாம்.

இரைச்சலுக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. பந்தய வாரத்தை மட்டும் பார்க்காமல், ஆண்டு முழுவதும் தடத்தை வாடகைக்கு விடும் நாட்களின் அட்டவணையையும் கேளுங்கள்.

கேட்பதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். இரு தனியார் நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தை யமுனா விரைவுச்சாலை ஆணையத்திடம் கேட்டால் கைவிரிப்பார்கள். வரி விலக்கு, நிலச் சலுகை, போலீஸ் பாதுகாப்புச் செலவு, சாலை விரிவாக்கம் என்று அரசு கொடுத்ததையோ கொடுக்கப்போவதையோ கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால், பரந்த பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்ற விதிவிலக்கு அதே பிரிவில் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.