கன்னியாவில் முட்டை அவியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யூடியூபில் பயணம் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் எங்கேயாவது கிளம்ப வேண்டும் போல இருக்கிறது அண்ணை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம், கையில் கொஞ்சம் காசும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஆயிரம் பேர் வீடியோ போடுகிறார்கள், ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். தனியாகப் பயணம் போகிற ஆண்களில் உண்மையாகவே பார்க்கத் தகுந்த நாலைந்து பேரைச் சொல்லுங்கள்.
– வாசகர், உப்புவெளி

பதில்: சொல்கிறேன் தம்பி, ஆனால் பெயர்களுக்கு முதல் ஒரு கதை.

போன வைகாசியில் என் மருமகன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். நம்முடைய திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு வெளிநாட்டுத் தம்பி வந்திருக்கிறார். ஏழு கிணற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, கமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி, இந்தத் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அவிந்துவிடும் என்று கண்ணை அகல விரித்துச் சொல்கிறார். அவருக்குப் பின்னால் பார்த்தால், துண்டு கட்டிய ஒரு ஐயா சின்ன வாளியால் அதே தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை அடுத்த வாளி தனக்கு என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டை அவிகிற தண்ணீர் என்றால் ஐயாவின் தலை என்ன ஆவது?

அன்றைக்குப் பிடித்ததுதான் என்னுடைய சோதனை. ஒருவர் பெருவைப் பற்றியோ மொங்கோலியாவைப் பற்றியோ சொல்வது சரியா பிழையா என்று எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் திருகோணமலையைப் பற்றிச் சொன்னால் தெரியும். அதனால் யாரைப் பின்தொடர்வதென்றாலும் முதலில் அவர் நம்மூரைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறாரா என்று தேடுவேன், இல்லாவிட்டால் கண்டி, எல்ல, யாழ்ப்பாணம் என்று நான் போய்வந்த இடமாகப் பார்ப்பேன். நிலாவெளியை "யாருக்கும் தெரியாத கடற்கரை" என்றால் அங்கேயே முடிந்தது. புறாத்தீவில் முருகைக் கல்லின் மேல் ஏறி நின்று போஸ் கொடுத்தால் அந்த நிமிடமே அன்ஃபொலோ. மார்கழியில் வந்து, மழையில் அறைக்குள்ளேயே அடைபட்டு, "நான் மாசம் தெரியாமல் வந்துவிட்டேன், இங்கே வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான் கடல் அடங்கி இருக்குமாம், நீங்கள் என்னைப் போல வராதீர்கள்" என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்ன ஒரு பெடியனை மட்டும் இன்றைக்கும் விடாமல் பார்க்கிறேன். தன் முட்டாள்தனத்தைச் சொல்கிறவன் மற்ற விஷயத்திலும் பொய் சொல்வது குறைவு.

சரி, பெயருக்கு வருவோம். ஒரே ஒரு ஆள்தான் என்றால் நான் சொல்வது டென்மார்க்கைச் சேர்ந்த தோர்பியோர்ன் பெடர்சன், தோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2013 ஒக்டோபர் 10 அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். விமானத்தில் ஏறுவதில்லை, ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும், எல்லா நாடும் முடியும் வரை வீடு திரும்புவதில்லை, இதுதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ஒரு நாளைக்குச் சராசரியாக 20 டொலர் கணக்கு. நாலு வருடத்தில் முடியும் என்று நினைத்தவருக்குப் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. கானாவில் மூளை மலேரியா வந்தது. இன்னும் ஒன்பது நாடுதான் மிச்சம் என்ற கட்டத்தில் கொரோனா வந்து ஹொங்கொங்கில் இரண்டு வருடமளவில் மாட்டிக்கொண்டார். கடைசிக்கு முந்திய நாடு எது தெரியுமா? நம்முடைய இலங்கை. இங்கேயிருந்து கப்பலேறி 2023 மே மாதம் மாலைதீவில் கால் வைத்ததோடு 203 நாடும் முடிந்தது.

இவரை ஏன் சொல்கிறேன் என்றால், இவருடைய எழுத்தில் பாதிக்கு மேல் காத்திருப்புத்தான். வீசாவுக்குக் காத்திருப்பது, கப்பல் கொம்பனியின் பதிலுக்குக் காத்திருப்பது, எல்லையில் ஒரு அதிகாரி தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை காத்திருப்பது. அழகான சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டுமென்றால் நம்முடைய இன்னர் ஹாபர் றோட்டில் சும்மா போய் நின்றால் போதும், அதற்கு ஒருவரைப் பின்தொடரத் தேவையில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு கிளம்புகிற உங்களுக்குத் தேவை, அலுவலகத்தில் கோபப்படாமல் நிற்கிற பழக்கம். அதை இவரிடம் படிக்கலாம். விமானமில்லாமல் நாட்டைத் தாண்ட ஆசை வந்தால் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். காலநிலையைப் பொறுத்து ஓடும், நிற்கும், அதனால் போவதற்கு முதல் விசாரியுங்கள்.

கணக்கு வழக்குக்கு அமெரிக்காவின் மத்தியூ கெப்னஸ், "நொமேடிக் மெட்" என்ற பெயரில் 2008இலிருந்து எழுதுகிறார். அறைக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஊர் ஊராகப் பிரித்துப் போடுவார். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது, அவர் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர், "நேரே போய் இறங்குங்கள்" என்று அவர் எழுதுகிற இடத்தில் நாம் வங்கிக் கணக்குத் தாள், வேலைக் கடிதம், போக வர டிக்கெட் எல்லாம் கட்டாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அந்தச் செலவை அவருடைய கணக்கோடு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு என்றால் மார்க் வீன்ஸ். பாங்கொக்கில் இருக்கிறவர், இலங்கைக்கும் வந்து சாப்பிட்டுப் போனவர். முதல் வாய் வைத்ததும் தலையைச் சரித்துக் கண்ணை உருட்டுவார் பாருங்கள், சில பேருக்கு அது எரிச்சல், என் வீட்டில் அதைப் பார்ப்பதற்காகவே போடுகிறார்கள். எல்லாமே ருசி என்பார், அது அவருடைய குறை. ஆனால் சமையற்கட்டுக்குள் போய், யார் சமைக்கிறார்கள், எதைப் போடுகிறார்கள் என்று நின்று பார்க்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் என்ன கேட்டு வாங்குவது என்பதற்கு அது போதும்.

நம் பக்கத்து ஆள் வேண்டுமென்றால் கேரளத்தின் சந்தோஷ் ஜோர்ஜ் குளங்கர. அவருடைய "சஞ்சாரம்" 2001இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது, யூடியூபே அப்போது இல்லை. கமராவைத் தானே தூக்கிக்கொண்டு தனி ஆளாகப் போய்ப் படம் பிடித்தவர். மலையாளம்தான், பயப்பட வேண்டாம், மூன்றாவது நாள் காது பழகிவிடும். அவர் கத்துவதில்லை, ஒரு சந்தையைக் காட்டினால் அந்த ஊரின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். தமிழில் என்றால் தமிழ் ட்ரெக்கர் புவனி தரன், குறைந்த காசில் லிஃப்ட் கேட்டுப் போகிறவர், முதல் தரம் வெளிநாடு போகிற தமிழ்ப் பெடியனுக்கு என்னென்ன தடுமாற்றம் வருமோ அதெல்லாம் அவரிடம் கிடைக்கும். அமெரிக்காவிலிருந்து மாதவன் போடுகிற வே டு கோ தமிழும் குடும்பத்தோடு இருந்து பார்க்கலாம்.

போதும் தம்பி. ஐந்தாறு பேருக்கு மேல் பின்தொடர்ந்தால் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: என் மகன் நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டு, உலகம் சுற்றி வீடியோ போடப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "அவனவன் வேலையை விட்டுத்தான் பெரிய ஆளானான்" என்கிறான். நான் என்ன சொல்ல?
– அம்மா ஒருவர், தம்பலகாமம்

பதில்: நோர்வேயில் குன்னார் கார்ஃபோஷ் என்று ஒருவர் இருக்கிறார் அம்மா. 2013இலேயே உலகத்தின் எல்லா நாட்டையும் பார்த்து முடித்து, பிறகு எல்லாவற்றையும் இரண்டாம் தரமும் பார்த்தவர். முதல் சுற்றை அந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே, லீவிலும் சனி ஞாயிறிலும் முடித்தார். மகனிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், கேட்கமாட்டான்.

காசு விஷயமும் சொல்லிவிடுங்கள். யூடியூபில் விளம்பரக் காசு வர வேண்டுமென்றால் 1000 பேர் சப்ஸ்கிரைப் செய்திருக்க வேண்டும், அதோடு கடைசி 12 மாதத்தில் 4000 மணி நேரம் ஆட்கள் பார்த்திருக்க வேண்டும். ஷோர்ட்ஸ் வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது, அதற்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். இதில் ஏதாவது ஒரு பாதையைத் தாண்டினால்தான் விளம்பரக் காசின் முதல் சதமே தெரியும். அதுவரைக்கும் பஸ் காசு யார் கொடுப்பது?

நான் என்றால் மகனோடு ஒரு ஒப்பந்தம் போடுவேன். வேலை அப்படியே இருக்கட்டும், ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்முடைய மாவட்டத்தை மட்டும் எடுக்கட்டும். தம்பலகாமத்தில் இருந்துகொண்டு விஷயம் தேடுவானேன்? எருமைப்பால் கறக்கிற இடத்திலிருந்து, காய்ச்சி, ஆற வைத்து, சட்டியில் ஊற்றி, உறை விட்டு, விடிய அந்தத் தயிர்ச் சட்டி கண்டி வீதிக்கு வருகிற வரைக்கும் பொறுமையாக எடுக்கட்டும். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத தயிரை நம்மூரார் பார்த்து அலுத்திருப்பார்கள், வெளியில் இருக்கிறவன் வாயைப் பிளப்பான். காலையில் மூன்றரைக்கு மாட்டுப் பட்டியில் நிற்க மகனுக்கு ஏலுமென்றால் பிறகு மற்றதைக் கதைக்கலாம். ஏலாதென்றால் வங்கி இருக்கிறது.

கேள்வி: இந்த ஆட்களுக்கு ஹொட்டேல்காரர்கள் சும்மா அறை கொடுக்கிறார்களாமே, உண்மையா?
– வாசகர், சீனக்குடா

பதில்: நிறையப் பேருக்கு உண்மை. நானே பட்டவன். மலைநாட்டில் ஒரு விடுதியின் ஜன்னலிலிருந்து சூரிய உதயம் தெரிகிறது என்று ஒருவர் உருகி உருகிச் சொன்னதை நம்பிப் போய், இரண்டு நாள் காசையும் முன்கூட்டியே கட்டி, விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பித் திரையை விலக்கினால், அடுத்த வீட்டுக்காரரின் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. அவருக்கு மேல்மாடி அறை இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள், அது பிறகுதான் தெரிந்தது. "அழைப்பின் பேரில் வந்தேன்" என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருடத்து வீடியோவில் ஒரு இடம்கூடப் பிடிக்கவில்லை என்று சொல்லாதவரிடம் மட்டும் கவனம்.

கேள்வி: எப்போது பார்த்தாலும் ஆண்கள் பட்டியல்தானா? அவர்கள் போன வழியில் நானும் தனியாகப் போகலாமா?
– வாசகி, ஓர்ஸ் ஹில்

பதில்: கேட்டவர் ஆண்களைக் கேட்டார் பிள்ளை, அதனால் அப்படி. உங்கள் கேள்வி அதைவிட நல்ல கேள்வி. ஒரு ஆண் "இந்த ஊர் சேஃப்" என்று சொன்னால் அது ஒரு ஆணுக்கு சேஃப், அவ்வளவுதான். இரவு ரயில் இரண்டு மணிக்கு இறக்கிவிட்டால் அவன் நிலையத்து வாங்கில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவான், அதை வீரமாக வீடியோவும் போடுவான். வீசா, ரயில் நேரம், விலை, பார்க்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் ஆண்களிடமே எடுங்கள், நட்டமில்லை. எந்தத் தெருவில் தங்குவது, இருட்டின பிறகு எப்படித் திரும்புவது, எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதெல்லாம் அங்கே தனியாகப் போய்வந்த பெண் ஒருத்தியிடம்தான் கேட்க வேண்டும். பெண்கள் பட்டியல் அடுத்த இதழில் வருகிறது. நான் எழுதவில்லை, தெரிந்தவர் ஒருவர் எழுதுகிறார்.

கேள்வி: உலகத்தின் முதல் பயண ப்ளொகர் எங்கள் மூதூரில் பிடிபட்டவன்தான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள் சேர்.
– மாணவர், மூதூர்

பதில்: முதல் ஆள் என்று சொன்னால் நானும் சிரிப்பேன். மொரோக்கோப் பயணி இபின் பத்தூத்தா 1344இலேயே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ராசா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலை என்கிற சிவனொளிபாத மலை ஏறிவிட்டுப் போய்விட்டார். ஆனால் என்னுடைய சோதனையில் உங்கள் ஆளுக்குத்தான் கூடப் புள்ளி. இங்கிலாந்துக்காரர் ரொபர்ட் நொக்ஸ் வந்த கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது, 1660இல் கண்டி ராசாவின் ஆட்கள் அவரையும் தகப்பனையும் பிடித்தார்கள். அடுத்த வருடம் தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகன் 19 வருடம் மலைநாட்டில் இருந்தார், தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், 1679இல் தப்பி நடந்து மன்னார்ப் பக்கத்து அரிப்பில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் புத்தகம் வந்தது. உழவு எப்படி, சூடு மிதிப்பு எப்படி, சோற்றை எதோடு சாப்பிடுகிறார்கள் என்று அதில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள், முட்டை அவிகிற கதை ஒன்றும் இல்லை. ஸ்பொன்சரும் இல்லை.

சிரிக்கிற நண்பர்கள் டவுன் பக்கத்தில் இருந்தால் கிண்ணியாப் பாலம் வழியாக பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, நொக்ஸ் பிடிபட்ட இடத்தில் 1893இல் வைத்த கல்லைக் காட்டுங்கள். போகிற போது தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள், மத்தியான வெயிலில் அங்கே நிற்க ஏலாது.