ஈமாக்ஸ் கோப்பை ஏன் ஒருமுறை கீழேயும் ஒருமுறை பக்கத்திலும் திறக்கிறது?

ஈமாக்ஸ் உரைத் திருத்தியில் தேடல் முடிவைத் தட்டினால் கோப்பு சில நேரம் கீழே திறக்கிறது, சில நேரம் வலப்பக்கம் திறக்கிறது, பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்த விண்டோக்கள் (ஈமாக்ஸ் திரையைப் பிரிக்கும் கட்டங்கள்) கலைந்துபோகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே தொல்லை மாதக்கணக்கில் இருந்தது. மடிக்கணினித் திரையில் கீழே, பெரிய திரையை இணைத்தால் பக்கத்தில் என்று கவனித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

ஈமாக்ஸ் விண்டோவை அளந்து பார்த்துத்தான் பிளக்கிறது. நான் வைத்திருப்பது 29ஆம் பதிப்பு. அதில் விண்டோ 80 வரி உயரமாவது இருந்தால் கீழே பிளக்கும். இல்லையென்றால் 160 எழுத்து அகலம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பக்கத்தில். இரண்டும் இல்லாமல், ஃபிரேமில், அதாவது ஈமாக்ஸின் முழுச் சன்னலில், அந்த ஒரே விண்டோதான் என்றால் மறுபடி கீழேதான். எழுத்துக் கணக்கில் அளப்பதால், ஃபிரேமின் எழுத்துருவைப் பெரிதாக்கினாலே பிளக்கும் திசை மாறிவிடும்.

எப்போதும் கீழேயே வேண்டும் என்றால் ஸ்பிளிட்-விட்த்-த்ரெஷோல்டு (அகல வரம்பு) மாறிக்கு நில், அதாவது ‘எதுவுமில்லை’ என்ற மதிப்பு, கொடுங்கள், போதும். பக்கத்தில் வேண்டும் என்றால் ஸ்பிளிட்-ஹைட்-த்ரெஷோல்டுக்கு (உயர வரம்பு) நில் கொடுத்து, அகல வரம்பை உங்கள் திரைக்கு ஏற்றபடி, 140 என்பதுபோல, குறையுங்கள். அகல வரம்புக்கு 0 கொடுக்கச் சொல்லிச் சிலர் எழுதுவார்கள். தயவுசெய்து வேண்டாம், பிளந்ததையே மேலும் மேலும் பிளந்து, படிக்கவே முடியாத ஒல்லிப் பட்டைகளாக்கிவிடும்.

உதவிப் பக்கம், கம்பைல் முடிவு மாதிரியானவற்றுக்கு டிஸ்ப்ளே-பஃபர்-ஆலிஸ்ட் என்ற மாறியில் நிரந்தர இடமே ஒதுக்கலாம். பஃபர் (ஈமாக்ஸில் திறந்திருக்கும் உரை) பெயருக்கு ஒரு விதி, அது எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், அவ்வளவுதான். என்னுடையவை கீழே மூன்றில் ஒரு பங்கில் வந்து நிற்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி எரிச்சல் போய்விட்டது.

அப்புறம், திறக்கும்போதே இடத்தை நீங்கள் சொல்லிவிடலாம். கண்ட்ரோல்-எக்ஸ் 4 எஃப் அழுத்தினால் கோப்பு அடுத்த விண்டோவில் திறக்கும். 28ஆம் பதிப்பிலிருந்து கண்ட்ரோல்-எக்ஸ் 4 4 என்றும் உண்டு. அதற்கடுத்து எந்தக் கட்டளை கொடுத்தாலும் அதன் பஃபர் வேறு விண்டோவுக்குப் போகும்.

இத்தனைக்குப் பிறகும் அமைப்பு கலைந்தால் வின்னர்-மோடை இயக்கி வையுங்கள். ஈமாக்ஸுடனேயே வருவது. கண்ட்ரோல்-சி, இடது அம்பு. பழைய அமைப்பு அப்படியே திரும்பி வரும்.