கபடி வீரனாக நினைக்கும் மகனைத் தொழிற்பயிற்சியிலும் சேர்க்கலாமா, கவனம் சிதறிவிடுமா?

மகன் விளையாட்டு விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படிக்கிறான், புரோ கபடிதான் குறி என்கிறான், கூடவே ஒரு தொழிலையும் கற்கச் சொன்னால் ஆட்டம் கெட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது. சேர்த்துவிடுங்கள். எந்த வழியில் சேர்ப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நானும் விடுதிப் பையன்தான். ஆறு ஆண்டுகள் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன். பாடி வரும் ரைடரின் கணுக்காலைப் பிடிப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. காலை ஐந்தரைக்கு மைதானம், எட்டு மணிக்குக் குளியல், பத்து மணிக்கு வகுப்பறையில் தூக்கம், மாலை நான்கு மணிக்கு மறுபடியும் மைதானம். "கபடிப் பையன், தூங்கட்டும்" என்று ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள். அப்போது அது பெரிய சலுகையாகத் தெரிந்தது. பிளஸ் டூ தேர்வில் வணிகவியலில் 200-க்கு 64 வாங்கினேன். பாஸாக ஆறு மதிப்பெண் குறைவு. மறுதேர்வுக்குப் பணம் கட்டக்கூடப் போகவில்லை. அந்த வாரம் மூன்று ஊர்களில் திருவிழா ஆட்டம் இருந்தது.

அடுத்த ஆண்டு, வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை எடுக்கும் ஒரு பொதுத்துறை அணியின் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இரண்டு நாளும் நன்றாகவே ஆடினேன். மூன்றாம் நாள் ஒரு மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்து பிளஸ் டூ சான்றிதழைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தவை கோப்பையோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்கள். எனக்குப் பின்னால் நின்றவன் ஆட்டத்தில் என்னைவிட ஒரு படி கீழேதான். ஃபைலைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். இன்றைக்கு அவன் அரசுச் சம்பளக்காரன். எனக்கு 21 வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

உங்கள் மகனிடம் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். புரோ கபடியில் 12 அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். ஆக, நாடு முழுவதற்கும் சேர்த்தே 300 இடங்கள்தான். வீரர்களை எடுக்கும் அண்மைய ஏலங்களில் கடைசிப் பிரிவான 'டி' பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம் ரூபாய். அதிலும் வரிப் பிடித்தம் போகும். அது ஒரு சீசனுக்கான பணம். மறு ஆண்டு யாரும் கையைத் தூக்காவிட்டால் அதுவும் இல்லை.

2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் அவர் வெளியே உட்கார்ந்தார். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. அவர் ரயில்வே அணிக்காரர், அதாவது ரயில்வே வேலையும் கையில் இருப்பவர் என்பதையும் கவனியுங்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் முழங்காலுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். என்னுடையதற்காக என் அம்மா மட்டும்தான் காத்திருந்தார்.

சரி, எப்படிச் சேர்ப்பது? பத்தாம் வகுப்பு முடிந்ததும் தனியாக ஐடிஐ-க்கு அனுப்பினால் விடுதி இடம் போய்விடக்கூடும். அதைவிட எளிதான ஒரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கும் தொழிற்கல்விப் பிரிவு. அடிப்படை மின் பொறியியல், அடிப்படை இயந்திரப் பொறியியல், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை என்று பாடங்கள் இருக்கின்றன. பையன் விடுதியிலேயே இருக்கலாம், பிளஸ் டூ சான்றிதழும் கைக்கு வரும், பிறகு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான வயது 18 முதல் 25 வரை. முதல் நிலை வேலைக்குப் பத்தாம் வகுப்பு அல்லது ஐடிஐ போதும். அதற்கு மேலே போக பிளஸ் டூவோ பட்டமோ வேண்டும். நம் மாநில அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கேயும் அந்தந்த வேலைக்கான படிப்பைக் கேட்கத்தான் செய்வார்கள். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் அதற்கு ஆதாரமான 'படிவம் 2' சான்றிதழை அந்தச் சூட்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து அலைவது பெரும் பாடு.

எந்தத் தொழில் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏசி பழுதுபார்ப்பது நல்ல தொழில்தான். ஆனால் சித்திரை, வைகாசியில்தான் அதற்குக் கிராக்கி. திருவிழா ஆட்டங்களும் அப்போதுதான். மூட்டை தூக்கும் வேலை, நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை எதுவும் வேண்டாம், மாலைப் பயிற்சிக்குக் கால் மிஞ்சாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் மாமாவின் கடையில் மோட்டார் வைண்டிங் கற்றுக்கொண்டேன். உட்கார்ந்தே செய்யலாம். இப்போது சொந்தக் கடை, மாலையில் பையன்களுக்குப் பயிற்சி. 17 வயதில் கோடை விடுமுறைகளில் கற்றிருக்க வேண்டியதை 23 வயதில், கம்பிச்சுருளைப் பார்த்தாலே எரிச்சல் வரும் மனநிலையில் கற்றேன்.

பயிற்சியாளர் ஆவதும் ஒரு தொழில்தான், ஆனால் முன்னாள் வீரர் என்ற பெயர் மட்டும் அங்கே செல்லாது. பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கான ஓராண்டு டிப்ளமோவும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் நடக்கின்றன. உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920-இலிருந்து இருக்கிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை பட்டப்படிப்பு வரை போகிற பாதை, இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரலாம்: பையன் கொஞ்சம் இந்தி பேசப் பழகட்டும். அணி முகாமில் பயிற்சியாளரும் பெரும்பாலான ஆட்டக்காரர்களும் வடக்கத்திக்காரர்களாக இருப்பார்கள். கைகோத்து நின்று பிடிக்கும் சங்கிலியில் பக்கத்தில் நிற்பவன் என்ன கத்துகிறான் என்று புரியாவிட்டால் புள்ளி போகும். அதோடு பான் அட்டை, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கும் பழக்கம், இவற்றையும் நீங்கள் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

கவனச் சிதறல் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் வரும் பையன்களின் கவனத்தைக் கெடுப்பது இரண்டு: செல்பேசி, விடிய விடிய நடக்கும் ஊர் டோர்னமென்ட். மின் பாடம் படித்து ரைடு மறந்தவனை நான் இதுவரை பார்க்கவில்லை. தொழிற்கல்விப் பிரிவு எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. விடுதிப் பையன்கள் போகும் பள்ளியில் இருக்கிறதா என்று தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.