பெயர் இல்லாவிட்டாலும் கடமை உண்டு

ஐ.நா.வின் 1979 பெண்கள் பாகுபாடு ஒழிப்பு ஒப்பந்தத்தில் பெண்ணுறுப்புச் சிதைப்பு (மருத்துவக் காரணமின்றிப் பெண்ணின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம்) என்ற பேச்சே இல்லை, அப்புறம் அரசை எப்படிப் பொறுப்பாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, மூல வாசகத்தில் இல்லைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் அமலாக்கத்தைக் கண்காணிக்கும் குழுவே 1990-ல், 14-ஆம் பொதுப் பரிந்துரையில், இதை ஒழிக்க நடவடிக்கை எடுக்கும்படி அரசுகளைக் கேட்டுக்கொண்டது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 24(3) பிரிவும் உங்களுக்கு உதவும்: உடல்நலத்தைக் கெடுக்கும் மரபு வழக்கங்களை ஒழிப்பது அரசின் கடமை என்கிறது.

எனக்குப் பிடித்தது ஆப்பிரிக்க நாடுகளின் பெண்ணுரிமை ஒப்பந்தமான 2003 மாபுட்டோ நெறிமுறை. 5-ஆம் பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. மருத்துவப் பணியாளர் கையால் செய்தாலும் விலக்கில்லை. 'ஆஸ்பத்திரியில் சுத்தமாகச் செய்கிறோமே' என்பவர்களுக்கு அதுவே பதில்.

சட்டம் வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா இந்த வழக்கத்தை 2015-ல் தடை செய்தது. அந்தத் தடையை நீக்க வந்த மசோதாவை 2024 ஜூலையில் நாடாளுமன்றம் நிராகரிக்க வேண்டியிருந்தது.