முகத்துவார நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

‘எங்கள் ஊர் ஆற்று முகத்துவாரத்தில் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) இறங்கித் தண்ணீர் வற்றும்போது படகையே இழுத்துக்கொண்டு போகிறது. அணை கட்டாமல், விசையாழியை (டர்பைன்) நீருக்குள் இறக்கி மின்சாரம் எடுக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆசையில் நானும் ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறேன்.

அமாவாசைக்கு மறுநாள், கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கழிகளை நட்டுவிட்டு, படகிலிருந்து நடு ஓட்டத்தில் உரிக்காத தேங்காய் ஒன்றைப் போட்டோம். (முதலில் தெர்மகோல் துண்டைப் போட்டேன். அதைக் காற்று கொண்டுபோய்விட்டது.) தேங்காய் இரண்டாம் கழியைத் தாண்ட 25 விநாடி ஆனது. அதாவது விநாடிக்கு 0.8 மீட்டர்.

கண்ணுக்கு அது நல்ல வேகம்தான். ஆனால் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுகிறது. கடல்நீரில் 0.8 மீட்டர் வேகத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 260 வாட், 2.4 மீட்டர் வேகத்துக்கு அதைப்போல 27 மடங்கு. அந்த 260 வாட்டில் விசையாழி பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், ஒரு மின்விசிறி ஓடும். அதுவும் ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும். ஓதம் தணியும் அஷ்டமி, நவமியில் வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்று. பல விசையாழிகள் அந்த வேகத்தில் சுற்றவே தொடங்காது.

வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழியில் 2008இல் நிறுவிய ‘சீஜென்’ என்ற ஓத விசையாழி 1.2 மெகாவாட் தந்தது. 16 மீட்டர் விட்டமுள்ள இரண்டு சுழலிகள் அதற்கு. சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கழியின் தண்ணீர் முழுவதும் அரை கிலோமீட்டர் அகலமே உள்ள வாய் வழியாக ஏறி இறங்குவதால்தான் அங்கே அவ்வளவு வேகம். நம் தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இந்தியாவில் தேடுவதென்றால் குஜராத்தின் காம்பே வளைகுடாவைப் பாருங்கள். அங்கே அது 10 மீட்டரைத் தொடும்.

இருந்தாலும் உங்கள் ஊரை அளந்து பார்ப்பதில் தவறில்லை. தேங்காய் மேல்மட்ட வேகத்தைத்தான் சொல்லும். அடியில் ஓட்டம் குறையும். ஒலியலையால் ஆழவாரியாக வேகம் அளக்கும் கருவியை நீரின் அடித்தரையில் வைத்து, ஒரு மாதமாவது பதிவெடுக்க வேண்டும். மழைக்கால ஆற்று வெள்ளத்தை ஓத வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு ஏமாற வேண்டாம். மணல்மேடு எங்கே நகர்கிறது என்பதை மீனவர்களிடம் கேளுங்கள். நாங்கள் தேங்காய் விட்ட இடத்தில் அடுத்த கோடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது.